பிரேக் பிளேட்டில் பச்சைக் கோடு

அவளுடைய அப்பா எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். தட்டிவிட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு இடது காதைச் சாய்ப்பார். வாய் திறந்திருந்தால் சத்தம் இரண்டு வழியாக உள்ளே போகும் என்பது அவர் கணக்கு. டம்ளர், வாளி, பேருந்துக் கம்பி, வங்கி வாசலில் இருக்கும் இரும்புக் கதவு என்று எதையும் விட்டதில்லை. மூன்றாம் வகுப்பில் அவள் கையை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு வந்தபோது அந்தக் கட்டையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

'டங்' என்று சொன்னால் நல்ல உடம்பு. 'டொக்' என்று சொன்னால் உள்ளே எங்கோ விரிசல். இதனால் கடைத்தெருவில் அவருக்குப் பெயரே டங்கு என்றாகிவிட்டது.

"எல்லாத்தையும் தட்டிப் பாக்கறாரு. என்னை மட்டும்தான் தட்டாமக் கட்டிக்கிட்டாரு. அதான் இப்ப அனுபவிக்கிறாரு," என்பாள் அம்மா.

"தட்டியிருந்தா அன்னைக்கே காது போயிருக்கும்," என்பார் அப்பா, தலையை நிமிர்த்தாமல்.

குடிநீர் பம்ப் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மீதி நேரமெல்லாம் பழைய மோட்டார் சைக்கிள்களின் உடைந்த அலுமினியம். வீட்டுப் பின்பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு குளியலறை இருந்தது. அதில் ஒரு பெஞ்ச், பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், கேஸ் டார்ச், அலுமினியத்துக்கு மட்டும் என்று தனியாக வைத்த கம்பிப் பிரஷ்கள், மூலையில் பாலிஷ் போடும் பஃப் மோட்டார். உட்காருவதற்குக் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. சுவருக்குச் சுவர் ஒரு கம்பி கட்டி, வேலைக்கு வந்த உறுப்புகளை அதில் தொங்கவிட்டிருப்பார். முழு வண்டி அவரிடம் வராது. என்ஜினின் கூடான கிராங்க் கேஸ் காது உடைந்தும், மூடி திருகு மரை தேய்ந்தும் துணிப்பையில் வரும், துணிப்பையிலேயே போகும்.

இரும்புக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். அலுமினியம் அப்படியில்லை என்று அவர் சொல்வார். கடைசி நொடி வரை வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே இருந்து, திடீரென்று கொழகொழவென்று காலடியில் விழுந்துவிடும். அதனால் சூடு காட்டுவதற்கு முன் குளியல் சோப்பால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பார். கோடு கறுத்தால் சூடு போதும், உருகி ஒட்டும் உலோகக் குச்சியைக் காட்டலாம். மாதச் சோப்பில் பாதி இப்படிப் போகும். "இந்த வீட்டுல மனுஷங்களை விட மோட்டார் சைக்கிள்தான் நல்லா குளிக்குது," என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். பிரேக், சக்கரம், ஹேண்டில்பார் இவற்றில் எதையும் ஒட்டித் தரமாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "என்ஜின் உடைஞ்சா வண்டி நிக்கும். பிரேக் உடைஞ்சா வண்டி நிக்காது. எனக்கு வேண்டாம்பா இந்தப் பாவம்."

அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். வருகிற உறுப்புக்கெல்லாம் அட்டை எழுதிக் கட்டுவதும், நோட்டில் பதிவதும் அவள் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாள். என்ன உறுப்பு, என்ன கோளாறு, என்ன செய்தது. வேலை முடிந்ததும் அப்பா மூலையில் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் மூன்று புள்ளி குத்துவார். அது அவர் கையெழுத்து. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டத்தை வாங்கிவிட்டு எட்டு மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாள். இத்தனை படித்தும், தன் எழுத்தை யாராவது நம்பி எடுத்துப் போவது இந்த அட்டைகளை மட்டும்தான் என்று சில நாள் தோன்றும். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாது.

அப்படி இருந்த ஒரு முற்பகலில்தான் அந்த இளைஞன் வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும்.

"ஐயா, அலுமினியம் ஒட்டறது நீங்கதானே?"

"ஒட்டுனா ஒட்டும். என்ன கொண்டு வந்திருக்கே?"

பையிலிருந்து ஒரு முன் பிரேக் பிளேட்டை எடுத்து நீட்டினான். வட்டமான அலுமினியத் தட்டு. பிரேக் பிடிக்கும்போது அது சக்கரத்தோடு சுற்றிவிடாமல், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பிடித்துக்கொள்ள, ஓரத்தில் ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காது அடியோடு முறிந்திருந்தது. முறிந்த துண்டைத் தனியாகக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தான்.

அப்பா அதை வாங்கினார். தட்டவில்லை.

அவள் அதைக் கவனித்தாள். அட்டை எழுதப் பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அப்பா பிளேட்டைத் திருப்பினார். உள்பக்க மூலையில் மூன்று புள்ளிகள். பிறகு முறிவு வாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"எப்படி உடைஞ்சது?"

"அண்ணன் விழுந்தப்ப உடைஞ்சதுங்க. ஏழு வருஷம் ஆகப் போகுது. அண்ணன் அங்கேயே போயிட்டான். வண்டி ஷெட்டுல மூடியே கிடந்தது. இப்பதான் நான் எடுத்து ஓட்ட ஆரம்பிச்சிருக்கேன்."

"இது இல்லாம எப்படி ஓட்டறே?"

"வேற வண்டியோட இரும்புப் பிளேட் ஒண்ணை மாட்டியிருக்கேன். சுத்தமாப் பிடிக்க மாட்டேங்குது. பின் பிரேக்கை வச்சுத்தான் சமாளிக்கிறேன்."

பிரேக் வேலை செய்ய மாட்டேன் என்று அப்பா சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொன்னது வேறு.

"வச்சுட்டுப் போ. மெதுவா ஓட்டு தம்பி. ரொம்ப மெதுவா ஓட்டு."

அவன் போன பிறகு அவள் பழைய நோட்டுகளை எடுத்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய நோட்டு. பதினொன்றாம் வகுப்பில் அவள் எழுத்து உருண்டையாக, அழகாக இருக்கும். தேடிக் கண்டுபிடித்தாள். 'முன் பிரேக் பிளேட். பாலிஷ் மட்டும். சோதித்தது. விரிசல் இல்லை.'

அப்போதுதான் அதைக் கொண்டுவந்த அண்ணனும் நினைவுக்கு வந்தான். பெரியவன். பின்வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "ஐயா, முகம் பாத்து சவரம் பண்ற மாதிரி இருக்கணும். இல்லேன்னா உங்க வாசல்லயே உக்காந்துடுவேன்," என்று சிரித்தவன். சொன்னபடியே இரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தான். பிளேட் கைக்கு வந்ததும் அதில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

அப்பா பிளேட்டைக் கம்பியில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அந்த அறை வேறு அறையாகிவிட்டது.

முதலில் அம்மாதான் சொன்னாள். ஏழு வருடம் ஷெட்டில் கிடந்த அலுமினியம் வெளுத்து மாவு பூத்திருக்க வேண்டும். இது நேற்றுத்தான் பஃப் போட்டது போல மின்னியது. சோப்பை மீட்கப் போன அம்மா, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அந்தத் தட்டை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லு உங்க அப்பாவை."

"ஏம்மா?"

"அதுல பாத்தா முகம் கொஞ்சம் லேட்டா வருது."

அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் போய்ப் பிளேட்டின் முன் நின்றாள். முகம் இருந்தது. கையைத் தூக்கினாள். பிம்பத்தின் கை தூக்கத்திலிருந்து விழிப்பது போல இருந்தது. அவ்வளவு சோம்பலாக எழுந்தது அந்தப் பிம்பக் கை. இன்னொரு முறை தூக்கினாள். இப்போது சரியாக இருந்தது. வளைந்த தட்டு, பிம்பம் இழுபடத்தான் செய்யும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, மூன்றாவது முறை தூக்கிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டிய கம்பியின் முறுக்கு பிரிகிறது என்றார் அப்பா. வேறு கம்பி கட்டினார். அதுவும் பிரிந்தது.

ஒரு மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. குளவி என்று நினைத்துப் போய்ப் பார்த்தாள். பிளேட் நடுங்கிக்கொண்டிருந்தது. காது உடைந்த தட்டு, தட்டினால் டொக் என்று மட்டுமே சொல்லக்கூடியது, மெல்லிய குரலில் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. கம்பியில் தொங்கிய மற்ற உறுப்புகள் எதிலும் அசைவில்லை. அவள் மனதுக்குள் எண்ணினாள். நாற்பது வரை எண்ணிய பிறகுதான் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றவன் கண்ணாடிக் கடைக்காரன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். வேலை ஆயிடுச்சாங்க?"

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "வரான்," என்றாள் சாதாரணமாக. அவன் வந்தான். ஒரே சுதியில் இருக்கும் இரண்டு பொருளில் ஒன்று அதிர்ந்தால் மற்றதும் அதிரும் என்று அவள் கல்லூரியில் படித்திருக்கிறாள். அதை அம்மாவிடம் விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி. சத்தமே இன்னும் வரலையே, அப்புறம் எதைக் கேட்டு அது அதிருது?" என்றாள்.

அப்பா தினமும் அதோடு மல்லுக்கட்டினார். கழுவி, காயவைத்து, சூடு காட்டுவார். சோப்புக் கோடு கறுப்பதற்கு முன்பே உலோகத்தின் துளைகளிலிருந்து பழைய எண்ணெய் கறுப்பாகக் கசியும். துடைத்துவிட்டு மறுபடி சூடு காட்டினால் மறுபடி கசியும். வார்ப்பு அலுமினியம் எண்ணெய் குடிக்கும், அது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் கிராங்க் கேஸ் என்றால் சரி, பிரேக் பிளேட்டுக்கு ஏது இவ்வளவு எண்ணெய்? பதினோரு முறை துடைத்தார். ஒவ்வொரு முறையும் காதுக்கு நேர் கீழே இரண்டு சொட்டு. அழுகிற கண் போல என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று முறை ஒட்டினார். ஒட்டிய காதில் தண்ணீர்க் குடங்களைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார். மூன்று முறையும் நாலாவது குடத்தில் காது கழன்று விழுந்தது.

நான்காவது முறை ஒட்டிவிட்டு விரிசல் சோதனை வைத்தார். அவர் வழக்கம் இது: மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவிக் காத்திருப்பார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல மேலே ஊறி, வெள்ளைத் தூளில் ஒரு ஈரக்கோடு தானாக எழும்பும். சிறுமியாக இருந்தபோது அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். யாரோ உள்ளேயிருந்து எழுதுவது போல இருக்கும்.

இந்த முறை ஒட்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது. இருவரும் மூச்சுவிட்டார்கள். அப்போது தட்டின் நடுவில், எதுவுமே உடைந்திராத பளபளப்பில், ஒரு கோடு கிளம்பியது. நத்தை போகிற வேகத்தில் நகர்ந்து, வளைந்து, காதை நோக்கி வந்து நின்றது. அப்பா துடைத்தார். மறுபடி தூவினார். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். இப்போது எங்கும் எதுவும் இல்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"சரி. அப்ப எனக்குக் கண்ணு கெடலை."

கண்ணைப் பற்றிக் கண்ணாடிக் கடைக்காரனும் கவலைப்பட்டிருப்பான் போல. அடுத்த முறை வந்தபோது ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். "கடையில சும்மா கிடந்தது. உங்களுக்கு உதவும்னு எடுத்துட்டு வந்தேன்." அப்பா அதை வாங்கிப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். தொடவே இல்லை. அவர் ஷிப்டுக்குப் போன பிறகு அவள்தான் எடுத்தாள்.

நான்காவது முறையும் குடம் தொங்கவிட்டதும் கழன்றிருந்த அந்தத் துண்டின் வாயை, ஒட்டப்படாமல் மிஞ்சியிருந்த ஓரத்தை, கண்ணாடிக்கு அடியில் பிடித்தாள். பாதி முறிவு வெள்ளையாக, சர்க்கரை உடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. மீதிப் பாதி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பின் விளிம்பில், மேல்தோலுக்குச் சற்று உள்ளே, முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு.

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். பஃப் சக்கரத்தில் தேய்க்கிற பாலிஷ் கட்டியின் நிறம். பெஞ்சின் அடியில் பாதி கரைந்த கட்டி இப்போதும் கிடந்தது.

அப்பா திரும்பி வரும்வரை அவள் அந்த வாளியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வந்தார். அவள் கையில் துண்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கறுப்பு பழைய உடைவு. வெள்ளை அன்னைக்கு உடைஞ்சது," என்றார். "பாதி முன்னாடியே விட்டுப் போயிருக்கு."

"எவ்வளவு முன்னாடி?"

"பச்சை உள்ளே போயிருக்குல்ல? என் பஃப்புக்கு முன்னாடி."

"ஆனா சோதிச்சீங்களே. நான்தானே எழுதினேன்."

"சோதிச்சேன். பாலிஷ் போட்டுட்டு சோதிச்சேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல்ல சோதனை, அப்புறம்தான் பாலிஷ். எப்பவும் அப்படித்தான். அன்னைக்கு ஷிப்டுக்கு நேரமாயிடுச்சு, அந்தப் பையன் வாசல்லயே உக்காந்திருக்கான். பாலிஷ்தானே, ஒட்டற வேலை இல்லையேன்னு மாத்திப் பண்ணிட்டேன். அலுமினியம் வெண்ணெய் மாதிரி. பஃப்புக்குக் கீழே இழுபட்டு விரிசலோட வாயை மூடிடும். அப்புறம் மண்ணெண்ணெய் எங்கேருந்து உள்ளே போகும்? தூள் வெள்ளையாத்தான் இருக்கும்."

அவள் துண்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். "இது அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியணும்தானேப்பா?"

"தெரியணும். பெரியவன் பிரேக்கைப் பிடிச்சிருக்கான், காது போயிருக்கு, பிளேட் சுத்தி சக்கரத்தை இறுக்கியிருக்கு. அவன் என்ன பண்ணுவான் பாவம்." பிறகு, "சொல்றேன். முதல்ல அந்தச் சின்னவனுக்கு ஒழுங்கான பிரேக் ஒண்ணைக் குடுத்துடறேன். கையில ஒண்ணைக் குடுத்துட்டுச் சொன்னாத்தான் வாய் வரும்," என்றார்.

அது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் 'விரிசல் இல்லை' என்று எழுதிய கை தன்னுடையது. சொல்லுங்கள் என்று வற்புறுத்த நினைக்கிறவள், தானே போய்ச் சொல்லியிருக்கலாமே? அப்பாவின் கூச்சம் என்று தான் நினைத்ததற்குள் தன் கூச்சமும் ஒளிந்துகொண்டிருந்ததோ என்னவோ.

உடைந்த பிளேட்டை ஒட்டும் முயற்சியை அப்பா அன்றோடு விட்டுவிட்டார். விடுமுறை நாளெல்லாம் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அலைந்தார். ஐந்தாவது வாரம் அதே மாடல் பிளேட் ஒன்றைக் கொண்டுவந்தார். மண்ணும் கிரீஸும் பிடித்தது, ஆனால் காது முழுசாக இருந்தது. தேய்ந்திருந்த ஒரு மரையை மட்டும் சரிசெய்தார். மூன்று நாள் தனித்தனியாகச் சோதித்தார். எட்டுக் குடம் தொங்கவிட்டார். பாலிஷ் போடவில்லை. பஃப் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி எங்கோ வீசிவிட்டிருந்தார்.

கம்பியில் தொங்கிய பழையது முனகியது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி, "வரான்," என்றாள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் யாரோ பெரிய மனிதர் வருவது போல இருந்தது.

"இது வேற பிளேட் தம்பி. பழசை நம்பி மாட்ட முடியாது. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

"ரொம்ப மங்கலா இருக்கே ஐயா. அண்ணன் பாத்தா ஒத்துக்கவே மாட்டான்." சிரித்தான்.

"தம்பி, உங்க அண்ணன் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. உங்களைப் பத்தி அவன் வீட்டுல பேசாத நாளில்ல. டங்கு கை பட்டா வண்டிக்கு ஆயுசுன்னு சொல்வான்." பிளேட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டே பேசினான். "நான் வண்டியை எடுக்கிறதே அம்மாவுக்குப் பிடிக்கலை. இன்னைக்கு வரைக்கும் அவனைத் திட்டிட்டுத்தான் இருக்காங்க. வளைவே இல்லாத ரோடு, எதிர்ல ஒரு வண்டி இல்லை, எப்படி விழுவான்? வேகம்தான்னு எல்லாருமே சொல்லிட்டாங்க. கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தான்னு அம்மா வாயாலயே சொல்வாங்க. இப்ப இதை மாட்டிட்டு அவங்களையே பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகணும். என்ன சொல்ல வந்தீங்க?"

அப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. கதவருகே நின்ற அவளை ஒரு கணம் பார்த்தார். அவள் சொல்லுங்கள் என்பது போலத் தலையசைத்தாள். அவர் அதைக் கண்டார் என்பது அவளுக்கு நிச்சயம்.

"முன் பிரேக்கை... படிப்படியாப் பிடி. ஒரேயடியா அழுத்தாதே," என்றார்.

வேலைக்கு எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அவன் போன பிறகு, "அவன்கிட்ட சொல்லி என்ன? அந்தத் தாய்கிட்டதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை போறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். "வீட்டுல யாரும் இல்லை," என்று திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறும் யாரும் இல்லை. மூன்றாவது ஞாயிறு கேட்டபோது பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. நடுநடுவே நிறுத்திப் பதிலுக்குக் காத்திருப்பது போல இடைவெளி விட்டார். சொல்லிப் பார்த்துப் பழகுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மா மட்டும், "நீ போய்க் கூப்பிடு அவரை. எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பகல் ஷிப்டில் அவர் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். "பெரிய குழாய்ல காதை வச்சு உக்காந்திருந்தாரும்மா. எப்பவும் கேக்கறவர்தானேன்னு விட்டுட்டோம். ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தொட்டுப் பாத்தோம். வாய் லேசாத் திறந்திருந்துச்சு."

வந்தவர்களெல்லாம் போய், வீடு காலியான பிறகு ஒரு நாள். அவள் பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பழைய பிளேட்டை அவளே கழற்றி, முறிந்த துண்டோடு சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள். வெறுங்கம்பி மட்டும் சுவருக்குச் சுவர் நீண்டிருந்தது. அது அதிர்ந்தது. அடுக்களையிலிருந்து அம்மா, அழுது தேய்ந்த குரலில், "வராங்க," என்றாள். வரான் என்று சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள் வந்தது. அவன் பின்னால் அவனுடைய தாய் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, கடுகடுத்த முகம். வண்டி வாசலில் குலுங்காமல் நின்றது.

"உங்க அப்பா புண்ணியத்துல இவன் வண்டியில பயமில்லாம ஏறினேன்," என்றார் அந்த அம்மாள் அவளிடம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "நிதானமான மனுஷன்னு சொன்னான். என் மூத்தவனுக்கு அந்த நிதானம் மருந்துக்கும் கிடையாது. இருந்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பான்."

அந்த உண்மையை அப்பா எங்கிருந்து சொல்லத் தொடங்குவதாக இருந்தார்? சாத்திய கதவுக்கு வெளியே நின்று அன்று கேட்டவள், முதல் வார்த்தையைக்கூட நினைவில் வைக்கவில்லை.

"அந்தப் பழைய பிளேட் இருக்கா?" என்று தயங்கிக் கேட்டான் இளையவன். "அண்ணன் தொட்டது. வீட்டுல இருக்கட்டும்னு..."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தாள். கொடுத்தால், கொடுக்கும்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்பாவும் அப்படித்தானே நினைத்தார்.

அந்த அம்மாள் சாக்கைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். முறிந்த துண்டை எடுத்து, விரிசலின் வாயைக் கட்டைவிரலால் தடவினார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன, பச்சையா?"

நேராக அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"பாலிஷ்," என்றாள் அவள்.

"ஓ." அந்த அம்மாளின் முகம் ஒரு நொடி இளகிற்று. "பளபளப்புன்னா அவனுக்கு உசிரு." பிறகு பழையபடி இறுகியது. "அதுல காட்டின அக்கறையை ரோட்டுல காட்டலை."

பச்சை எப்படி உள்ளே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தாயும் மகனும் எழுந்து போனார்கள்.

இப்போது அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பேருந்து தினமும் அந்த அம்மாளின் தெருவைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு முறை இறங்கி, வாசல் வரை போயிருக்கிறாள். இரண்டாவது முறை உள்ளே பேச்சு கேட்டது. பக்கத்து வீட்டுச் சிறுவன் யாரோ சைக்கிளில் வேகமாக வந்தான் போலிருக்கிறது. "மெதுவாடா! என் பெரியவன் மாதிரி ஆயிடாதே!" என்று அந்த அம்மாளின் குரல் கத்தியது. அவள் வாசல் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.